பாதாம் வந்த வழி

"நான் போலீசுக்குத்தான் போகப் போறேன், யாரு தடுத்தாலும்—"

"போங்கம்மா, உங்க கையை யாரு பிடிச்சா? போறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு—"

"அவ சொல்றது எனக்குத் தெரியாதா? ஒரே வீட்டுல ஏழு வருஷமா இருக்கோம். என் வீட்டுக்காரருக்குத் தொண்டை வீங்கி, மூஞ்சி பூசணிக்காயா உப்பி—"

"வீங்கினது அவரு தொண்டைதான். தெரு முழுக்கக் கேக்கறது உங்க தொண்டை!"

ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பேச்சைப் பிடுங்கிக்கொண்டிருந்த அந்த இருவரில் ஒருத்தி, எதிர்வீட்டு மூத்த மருமகள், பெரியவள். மற்றவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். சண்டை நடந்தது அவருடைய அக்கா வீட்டு முன்னறையில். இரண்டு பேருக்கும் நடுவே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடையைப் போல நின்றிருந்தவள் எதிர்வீட்டு இளைய மருமகள். சின்னவள் என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள்.

அவளுக்கு இரண்டு குரலும் கேட்டன. சுவரில் ஓடிய மின்விசிறியும் கேட்டது. மூன்றில் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் கொட்டாவி வந்தது. கையால் மறைத்துக்கொண்டாள்.

நாற்காலியில் இருந்தவர் அந்த வீட்டுக்காரர், கடிகாரக்காரருடைய அக்காவின் கணவர். முப்பது வருஷம் கப்பலில் வந்த பழக்கூடைகளைத் திறந்து பார்த்து, எது வழியில் அழுகியது, எது ஏற்றும்போதே அழுகல் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தவர். சேதக்காரர் என்ற பெயர் அப்போது ஒட்டியது. ஓய்வு பெற்ற பிறகு அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும், எது கெட்டுப் போனாலும் அவரிடம் வந்துவிடும். மச்சினர் கூடவே வருவார், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும்.

"மச்சினரே, உக்காருங்க. நீங்களும் உக்காருங்கம்மா. நின்னுக்கிட்டுப் பேசினா சத்தம்தான் வரும், சங்கதி வராது" என்றார் சேதக்காரர். பிறகு சின்னவளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

"எனக்கு நியாயம் எல்லாம் வேண்டாம் ஐயா. நான் வெச்சேனா, வெக்கலியான்னு மட்டும் சொல்லுங்க. எனக்கே தெரியலை."

விஷயம் இதுதான். கோடை விருந்துகளுக்குப் பழமும் சீஸும் வைத்து அலங்காரத் தட்டு அடுக்கிக் கொடுப்பது சின்னவளின் தொழில். அடுப்பே பற்ற வைக்க வேண்டாத தொழில். முந்தாநாள் அவளுடைய அத்தானுக்கு, அதாவது கணவரின் அண்ணனுக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விருந்து. பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லார் முன்னாலும் தட்டைத் திறந்தார்கள். அத்தான் வாயில் முதல் பேரீச்சம்பழம் போனது. பத்து நிமிஷத்தில் மனிதர் தரையில். பழத்துக்குள் பாதாம் இருந்தது. கொட்டை எது பட்டாலும் அவருக்கு ஆகாது என்பது தெருவுக்கே தெரியும்.

"மூணு வருஷமா அத்தானுக்கு வர்ற தட்டுல ஒரு கொட்டை பட்டதில்லை ஐயா. ஆனா அவரு போனதுக்கப்புறம்..." சின்னவள் நிறுத்தினாள். அவள் கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. "கை மட்டும் வேலை செய்யுது. நான் எங்கியோ இருக்கேன். போன மாசம் சாவியை அரிசி டப்பாவுல போட்டுட்டு மூணு நாள் தேடினேன். வேற ஒரு ஆர்டருக்கு வாங்கின பாதாம் மாடியில மிச்சம் இருந்துது. என் கை அதை எடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"கேட்டீங்களா? அவளே ஒத்துக்கறா!" என்றாள் பெரியவள்.

"தெரியலைங்கறது ஒத்துக்கறதா?" என்றார் மச்சினர்.

"என் கைதான்னு ஆயிட்டா, இனிமே யாருக்கும் தட்டு அடுக்க மாட்டேன்" என்றாள் சின்னவள், வேறு யாருடைய சேதியையோ வாசிப்பது போல. "மாடியையும் காலி பண்ணிடறேன். ஆளைக் கொல்ற கையை வெச்சுக்கிட்டு ஒரு வீட்டுல இருக்க முடியாது."

சேதக்காரர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "தட்டு இருக்கா?"

"போலீசுக்குக் காட்டணும்னு அப்படியே ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கேன். ஒரு துண்டுகூட யாரும் தொடலை" என்றாள் பெரியவள்.

"உங்க கோபத்துக்கு ஒரு கும்பிடு. சாதாரணமா ஜனங்க முதல்ல கழுவித் தொலைக்கறது அதைத்தான்."

தெருவைக் கடந்தார்கள். எதிர்வீட்டுக் கூடத்தில் அத்தான் சாய்வு நாற்காலியில் இருந்தார். அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். உதடு இன்னும் தடித்திருந்தது. எல்லாரையும் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஃப்ரிட்ஜின் அடித்தட்டிலிருந்து பெரியவள் தட்டு அடுக்கிய வட்டப் பலகையைக் குனிந்து எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். சின்னவள் தான் அடுக்கியதையே முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். நடுவில் கிண்ணத்தில் மிருதுவான வெள்ளை சீஸ். சுற்றிலும் மஞ்சள் சீஸ் முக்கோணங்கள். விசிறியாக விரித்த பேரிக்காய், கறுக்காமலிருக்க எலுமிச்சைத் தண்ணீரில் நனைத்தது. நட்சத்திரமாக வெட்டிய தர்ப்பூசணி. திராட்சைக் கொத்துகளுக்கு நடுவில், மேலே ஒரு மாதுளை முத்து பதித்த பேரீச்சம்பழங்கள், எட்டு.

"எத்தனை வெச்சேம்மா?"

"ஒன்பது. எப்பவும் ஒன்பதுதான். விதையை எடுத்துட்டு, கூம்புப் பையால உள்ளே சீஸை நிரப்புவேன்."

"எப்ப முடிச்சே?"

"ஒன்பது மணிக்கு மூடி, கீழே கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் அடித்தட்டுல வெச்சேன். அப்புறம் மாடிக்குப் போய்க் குளிச்சுட்டுப் படுத்தேன். கூப்பிட்டப்பதான் இறங்கினேன்."

"எதால மூடினே?"

"ஒட்டற பிளாஸ்டிக் தாள்தான். ஒரே சுத்து. ரெண்டு சுத்து சுத்தினா உள்ளே வேர்த்துப் பழம் கொழகொழன்னு ஆயிடும்."

பெரியவள் மூக்கைச் சுளித்தாள். "பெரிய ஒரே சுத்து! எல்லாரும் போட்டோ எடுக்கக் காத்திட்டிருக்காங்க, தாளைப் பிரிச்சா உள்ளே இன்னொரு தாள். நகமே பேந்துடுச்சு எனக்கு."

சேதக்காரர் அவள் நகத்தைப் பார்த்தார். குனிந்து திராட்சையை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். கொத்து முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பேரீச்சம்பழத்தை ஒட்டியிருந்த நாலைந்து மட்டும் பொடி அழிந்து கறுப்பாகப் பளபளத்தன.

"திராட்சையைத் துடைச்சு வெப்பியாம்மா?"

"மாட்டேன். காம்பைப் பிடிச்சுத்தான் வெப்பேன். விரல் பட்டா அழகு போயிடும்."

"இந்தக் கிண்ணத்து சீஸ்ல ஒரு பள்ளம் இருக்கே?"

"கரண்டியோட பின்பக்கத்தால சுழி போடுவேன்... பள்ளம் போட மாட்டேன்."

அவர் எட்டுப் பழத்தையும் ஒவ்வொன்றாகக் கத்தியால் பிளந்தார். நாலு பழத்தில் உள்ளே முழுக்க சீஸ். மற்ற நாலில் சீஸ் மேலே தீற்றியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே தோல் உரித்து வறுத்த பாதாம், ஒன்றொன்று.

"மச்சினரே, மாடிக்குப் போய் அந்தப் பாதாம் டப்பாவைக் கொண்டு வாங்க."

மச்சினர் இரண்டு இரண்டு படியாக ஏறி இறங்கினார். டப்பாவில் இருந்தது வறுக்காத பச்சைப் பாதாம், பழுப்புத் தோலோடு.

"உங்க வீட்டுக்காரர் கண்ணாடி போடறவரா?" என்று கேட்டார் சேதக்காரர், டப்பாவை மூடியபடி.

"போடறவர்தான். திருகு லூசாயிடுச்சு, மாத்துங்கன்னா கேக்க மாட்டார்" என்றாள் பெரியவள். "குனிஞ்சா கழண்டு விழுது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகலாம்னு அன்னிக்கு வீடு பூரா தேடறேன், கடைசியில ஃப்ரிட்ஜ் தலையில உக்காந்திருக்கு."

"வீட்டுல வேற பேரீச்சம்பழம் உண்டா?"

"ஆபீஸ்ல குடுத்த பெட்டி ஒண்ணு இருக்கு. அவருக்குச் சர்க்கரை, அதனால பிரிக்காமலே அலமாரி உச்சியில போட்டேன்."

மச்சினர் யாரும் சொல்லாமலே நாற்காலி இழுத்துப் போட்டு ஏறினார். பெட்டியின் கிழிந்த பக்கம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே பாகு பூசிய பழங்கள் வரிசையாக இருந்தன. ஐந்து குழி காலி. மூடியின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி: உள்ளே வறுத்த பாதாம்.

"பிடிச்சாச்சு!" மச்சினர் நாற்காலியிலிருந்து இறங்காமலே கத்தினார். "பெட்டியை ஒளிச்சு வெச்சது யாரு? இந்தம்மா. தன் கையால ஊட்டி விட்டது யாரு? இந்தம்மா. இப்ப ஊரைக் கூட்டறதும்—"

"ஐயோ, என்னைப் பாத்தா இப்படிச் சொல்றீங்க!" பெரியவளின் குரல் உடைந்தது. "நாளெல்லாம் கட்டுப்பாடா இருக்காரே, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு தின்னட்டும்னு ஊட்டினேன். இந்த ரெண்டு விரலாலதான் ஊட்டினேன். ரெண்டு நாளா இந்த விரலால சோறு பிசைய முடியலை எனக்கு."

சின்னவள் அந்த இரண்டு விரலைப் பார்த்தாள். பெரியவள் ஏன் இத்தனை கத்தினாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்தது, அவ்வளவுதான். இரங்க வேண்டும் என்று தோன்றியது, இரக்கம் வரவில்லை.

"இறங்குங்க மச்சினரே, நாற்காலி பாவம்" என்றார் சேதக்காரர். அவர் ஒரு நாற்காலியைச் சாய்வு நாற்காலிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "ஆளைக் கொல்ல நினைக்கறவன் அஞ்சு பழத்தை மாத்துவானா? யாரு எதை எடுப்பான்னு அவனுக்குத் தெரியாது. ஒண்ணைத் தனியா வெச்சு ஊட்டியிருந்தா போதும். இது கொல்ல வந்த கை இல்லை. காலி இடத்தை நிரப்ப வந்த கை. தட்டுல அஞ்சு பழம் குறைஞ்சுது, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வேற அஞ்சை வெச்சிருக்கு. கிண்ணத்துலேர்ந்து சீஸை வழிச்சுப் பூசியிருக்கு, மாதுளை முத்தை எடுத்துக் குத்தியிருக்கு. பிரிச்ச தாள் மறுபடி ஒட்டலை, மேலே இன்னொரு சுத்து."

"அப்ப சின்னவ கை இல்லையா?"

"அந்தப் பொண்ணு எழுந்திருக்காம தூக்கத்துல அடுக்கினாலும் ஒரு சுத்துதான் சுத்தும். திராட்சையில விரல் படாது. மனசு எங்க வேணும்னாலும் போகட்டும், பழகின கை தடம் மாறாது. மாறின தடம் எல்லாம் வேற ஆளோடது."

"யாரோடது?" என்றார் மச்சினர்.

"இந்த வீட்டுல அன்னிக்குக் காலையில இருந்தது மூணு பேர். சின்னவ அடுக்கினவ, வேணும்னா அடுக்கும்போதே தின்னிருக்கலாம். பெரியம்மா வீட்டுக்காரி, கேட்டு வாங்கித் தின்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. பேரீச்சம்பழத்தைத் திருடித்தான் தின்னணும்னு இந்த வீட்டுல யாருக்கு விதிச்சிருக்கு?"

மச்சினரின் பார்வை சாய்வு நாற்காலிக்குப் போனது.

"அடித்தட்டுக்குக் குனியணும். குனிஞ்சா கண்ணாடி விழும். கழட்டி ஃப்ரிட்ஜ் மேலே வெச்சாச்சு. கண்ணாடி இல்லாம பெட்டியில எழுதியிருந்த அந்த வரி தெரியலை. தெரிஞ்சிருந்தா அதைத் தொட்டிருக்கவே மாட்டார்."

"பெட்டி இருக்கும்போது தட்டுல ஏன் கையை வெக்கணும்?" மச்சினருக்கு மனசு ஆறவில்லை. "பெட்டியிலேயே தின்னிருக்கலாமே!"

"தண்ணி குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்திருப்பார், எதிர்ல தட்டு. ஆசைக்கு ஞாபகம் வராது மச்சினரே, பயத்துக்குத்தான் வரும். அஞ்சு உள்ளே போன பிறகுதான் பெட்டி ஞாபகம் வந்திருக்கு."

பெரியவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்திருந்தார்.

"அஞ்சுதான்" என்றார், தடித்த உதட்டால். "அஞ்சுதான் தின்னேன்."

"பாதாம்னு டாக்டர் சொன்ன நிமிஷமே தெரிஞ்சிருக்குமே ஐயா!" மச்சினர் பொங்கினார். "திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிட்டு இருந்தீங்களா? ரெண்டு நாளா இந்தப் பொண்ணைப் போட்டு வறுத்தெடுக்கறாங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"தொண்டை... தொண்டையில வீக்கம். பேச்சு வரலை."

பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் என்ற சொல் அந்த அறையிலிருந்து எப்போதோ போய்விட்டிருந்தது.

"உன் கை இல்லைம்மா. நிம்மதியா இரு" என்றார் சேதக்காரர்.

சின்னவள் தலையாட்டினாள். நிம்மதி என்று ஏதாவது வருகிறதா என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். மேஜையில் பிளந்து கிடந்த பழங்களைத் தள்ளி, தன் பலகையை எடுத்துக்கொண்டாள். மாடிப்படிப் பக்கம் போனவள், சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். குரலில் கோபம் இல்லை. நேரம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"நேத்துக் காலையில ஆஸ்பத்திரியில, அக்கா மருந்து வாங்கப் போனப்ப, உங்க கட்டில் பக்கத்துல நின்னு நான்தான் வெச்சிருப்பேன்னு அழுதேனே அத்தான். என் தலையில கையை வெச்சு, 'மன்னிச்சிட்டேம்மா, விடு'ன்னு சொன்னீங்களே... எதை மன்னிச்சீங்க?"