போதகர் சொல்லாத வாக்கியம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குத்தான் பிரசங்கக் குறிப்பு அவள் கைக்கு வந்தது. வழக்கமாகச் சனிக்கிழமை மதியமே வந்துவிடும். ஒரு தடவை வாசித்து, சிக்கலான சொற்களுக்கு மேலே இந்த ஊர் மொழியில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வாள். இன்றைக்கு அவள் மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, கணவர் நான்கு தாள்களை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் போய் டை கட்ட ஆரம்பித்தார்.

மூன்றாவது தாளுக்கு வந்ததும் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“என்னங்க... இது தையல்காரம்மாவைத்தானே சொல்றீங்க?”

“பேர் எதுவும் போடலையே.”

“பேர் வேற போடணுமா? கல்யாணமாகாத மகளுக்குப் பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கிட்டு சபைக்கு வர்ற தாய்னு எழுதியிருக்கீங்க. சபையில மொத்தமே நாப்பது பேரு. கைக்குழந்தை இருக்கறது ஒரே வீட்டுலதான்.”

“பாவத்தைப் பாவம்னு சொல்லாம இருக்கறதுக்கா நம்மளை இவ்வளவு தூரம் அனுப்பினாங்க?”

“அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கக்கூடாதுன்னு சொல்லணுமா? அந்தப் பொண்ணுக்குப் பத்தொம்பது வயசு. பிள்ளை பிறந்து இன்னும் அஞ்சு வாரம்கூட ஆகலை. இந்த ஒரு பத்தியை மட்டும் விட்டுடுங்க... கெஞ்சிக் கேக்கறேன்.”

“இப்ப பிரசங்கத்தையும் திருத்த ஆரம்பிச்சாச்சா?” என்று அடுப்படியிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

நாத்தனார் அவருக்கு அக்கா. புருஷனை இழந்தபின், தம்பியின் ஊழியத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் இந்த நாட்டுக்கு வந்தவர். பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண்ணின் வயிற்றை முதலில் பார்த்துவிட்டு வந்து தம்பியிடம் சொன்னதும் அவர்தான்.

கணவர் டையின் முடிச்சை இறுக்கினார். “உன் வேலை மொழிபெயர்க்கறது. கருத்து சொல்றது இல்ல. நேரமாச்சு, கிளம்பு.”

அவள் மறுபடி இஸ்திரியை எடுத்தாள். காலரில் ஏற்கனவே போட்ட இடத்திலேயே நாலைந்து தடவை அழுத்தித் தேய்த்தாள்.

இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம். அதற்கு முன் ஊரில் குழந்தைகள் வார்டில் அவள் நர்ஸாக இருந்தாள். நிரந்தர வேலை. மிஷன் அலுவலகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்த வாரமே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து வயது மகள் சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினாள். வந்த புதிதில் மொழி வகுப்புக்குப் போனது அவர்தான். அவள் போகவில்லை, வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே. காய்கறிக் கடையிலும், ஆஸ்பத்திரி வரிசையிலும், பள்ளிக்கூட வாசலிலும் நின்று நின்று அவளுக்கு இந்த மொழி வந்தது. அவருக்கு வரவில்லை. தமிழில் மேடை ஏறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற மனிதர், வகுப்பில் நாலு வயதுப் பிள்ளை மாதிரி திக்கியபோது யாரோ சிரித்தார்கள். இரண்டாம் வருடத்தோடு வகுப்பு நின்றது. அன்றிலிருந்து அவர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். பக்கத்தில் நின்று அவள் அதை இந்த ஊர் மொழியில் சொல்வாள்.

சபையில் அவளைப் பிரியமாக ‘ஐயாவின் வாய்’ என்று கூப்பிட்டார்கள். “நான் சிறுவனாக இருந்தபோது” என்று அவள் சொல்வாள். அது அவர் சிறுவனாக இருந்த கதை. “நேற்று நான் ஜெபிக்கும்போது” என்பாள்; ஜெபித்தது அவர். ஏழு வருடமாகக் கூட்டத்துக்கு முன்னால் நின்று ஆயிரக்கணக்கான தடவை நான், நான் என்று சொல்லியிருக்கிறாள். அதில் ஒன்றுகூட அவள் இல்லை. மிஷன் அலுவலகத்துக்குப் போகும் மாதாந்தர அறிக்கையில் ‘இந்த ஜனங்களோடு பேச தேவன் என் வாயைத் திறந்திருக்கிறார்’ என்று அவர் எழுதுவார். அதைத் தட்டச்சு செய்வதும் அவள்தான்.

வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில்தான் ஆராதனை. தரை துடைக்கிற மருந்து வாசனை எப்போதும் இருக்கும். தையல்காரம்மா இரண்டாவது வரிசையில் இருந்தாள். குழந்தை அவள் மடியில். மகள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, கைகளை இரண்டு தொடைகளுக்கும் நடுவே வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது தாள் வந்தது. அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். அவள் பேசவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு இந்த ஊர் மொழியில், தெளிவாகச் சொன்னாள்: “ஒரு வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருந்தால், அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் நம்மில் யாரும் இந்த வாரத்தைக் கழிக்க வேண்டாம். கையில் எதையாவது கொண்டுபோங்கள். குழந்தையை வாங்கிக்கொண்டு, பெற்றவளைக் கொஞ்சம் தூங்கவிடுங்கள்.”

கடைசி வரிசையில் சிட்டுவின் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் விழுந்தது. குனிந்து எடுக்கிற சாக்கில் அவள் சிரிப்பை அடக்குவதை நாத்தனார் பார்த்தார். தமிழும் இந்த மொழியும் இரண்டும் தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர்.

தையல்காரம்மா குழந்தையின் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மகள் தலையை நிமிர்த்தினாள். அதைப் பார்த்த போதகர், வார்த்தை குத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டார். திருப்தியாக அடுத்த தாளுக்குப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

“தையல் கடை வழியா வந்தேன். வாசல்ல நம்ம சபை ஆளுங்க வரிசையா நிக்கறாங்க. ரொட்டிக் கடைக்காரர் ரெண்டு பை தூக்கிட்டு நிக்கறார். பஸ் டிரைவர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு, குழந்தையை ஆட்டற மாதிரி கையை ஆட்டிக் காட்டறான். போகாதேன்னு சொன்னா போய் நிக்கறாங்க... எனக்கு ஒண்ணும் புரியலை.”

நாத்தனார் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். “சிட்டு அன்னிக்கு எதுக்குச் சிரிச்சான்னு கேளு தம்பி.”

சிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“பிள்ளையை எதுக்கு இழுக்கறீங்க அண்ணி?” என்றாள் அவள். “நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “எத்தனை தடவை?”

“இவ்வளவு பெருசா மாத்தினது இதுதான் முதல் தடவை. சின்னச் சின்னதா... கடுமையாப் பேசினா கொஞ்சம் குறைச்சுச் சொல்வேன். எத்தனைன்னு ஞாபகம் இல்ல.”

“அப்ப இத்தனை வருஷமா இந்த ஜனங்க யார் பேச்சைக் கேட்டாங்க? என் பேச்சையா, உன் பேச்சையா?”

“அதைத் தெரிஞ்சுக்க உங்களுக்கும் ஒன்பது வருஷம் இருந்துச்சுங்க.”

“பாத்தியா... பாத்தியா பேச்சை,” என்றார் நாத்தனார். “கட்டினவனையே ஊமையாக்கி வெச்சுட்டு, வாய் வேற. ஊரை ஏமாத்தியிருக்கா. நான் வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், இவ இல்லாம நீ ஒரு பால் பாக்கெட் வாங்க முடியலை. வேணும்னே உன்னை அப்படி வெச்சிருக்கா.”

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“நான் வெச்சிருக்கேனா அண்ணி? வாங்க, உக்காந்து படிக்கலாம்னு எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன்னு அவரையே கேளுங்க. குழந்தைப் பாடப்புத்தகம் எனக்கெதுக்குன்னு தூக்கிப் போட்டார். பேங்குக்கு நான், ஆஸ்பத்திரிக்கு நான், விசா ஆபீஸ்ல காலையிலேர்ந்து நிக்கறது நான். ஞாயித்துக்கிழமை முடிஞ்சா தொண்டை கட்டிப்போயிடும். ஒருநாள்... ஒருநாள், உனக்கு என்ன தோணுதுன்னு யாராவது என்னைக் கேட்டிருக்கீங்களா? அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கு. பிரசவம் ஆன உடம்பு. என் வார்டுல சில தாய்மார்கிட்ட அந்த மாதிரிக் கண்ணை நான் பாத்திருக்கேன். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியது உங்க வாய் இல்லைங்க. என் வாய். எனக்கு வரலை. அவ்வளவுதான்.”

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அவர் எழுந்தார். “சரி. இனிமே நீ மொழிபெயர்க்க வேண்டாம். சிட்டு பண்ணட்டும்.”

“மாட்டேன்பா,” என்றாள் சிட்டு.

“அப்ப நாளைக்கு ஒரே ஒரு இடத்துக்கு என்கூட வா. நான் சொன்னது என்னன்னு அந்தத் தையல்காரம்மாகிட்ட நேர்ல சொல்லணும். என் பேர்ல பொய் நிக்கக்கூடாது.”

சிட்டு அம்மாவின் தோளைப் பிடித்தாள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கூடப் போ சிட்டு. நான் தடுக்கலை. அவங்க முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடிஞ்சா அப்பா சொல்லட்டும்.”

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவும் மகளும் போனார்கள். அவள் அடுப்பைத் தேய்த்தாள். தேய்த்த அடுப்பையே மறுபடி தேய்த்தாள். அந்தப் பெண் என்ன ஆவாள், தான் இரக்கப்பட்டுச் சொன்னதே அவளை இன்னும் பெரிய பள்ளத்தில் தள்ளிவிட்டதோ என்ற நினைப்பு விடவில்லை. மாற்றிச் சொல்லும்போது இதையெல்லாம் யோசித்தாளா? யோசிக்கவில்லை. கணவர்மேல் இருந்த கோபமும் இப்போது அவள்மேலேயே திரும்பியது.

ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். அவர் நேராக அடுப்படிக்கு வந்து, நாத்தனார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார்.

“சொல்லிட்டீங்களா?” என்றாள் அவள்.

“அந்தப் பொண்ணு பிள்ளையைத் தொடாமலே இருந்திருக்கு,” என்றார் அவர். “பிறந்ததிலேர்ந்து. அவங்க அம்மாதான் தூக்கறது, குளிப்பாட்டறது எல்லாம். திங்கட்கிழமை பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு குழந்தைகள் இல்லத்துல விட்டுடறதா இருந்தாங்களாம். அன்னிக்கு சபைக்கு வந்தது கடைசித் தடவைன்னு...”

அவர் நிறுத்தினார். பழக்க தோஷத்தில் அவள் வாயைப் பார்த்தார். அவள் பேசவில்லை. சிட்டுதான் தொடர்ந்தாள்.

“திங்கட்கிழமை காலையிலேயே டிரைவர் அங்கிளோட வொய்ஃப் போயிட்டாங்கம்மா. குழந்தையை வாங்கிக்கிட்டு, போய்ப் படுன்னு சொன்னாங்களாம். அந்த அக்கா ஆறு மணி நேரம் தூங்கியிருக்கா. எழுந்ததும், எங்கே என் பிள்ளைன்னு கேட்டாளாம். முதல் தடவையா. இதை எங்ககிட்டச் சொல்றப்ப பிள்ளை அவ கையிலதான் இருந்துச்சு. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க அன்னிக்குச் சொல்லலைன்னா நாங்க இல்லைன்னு சொன்னா. நான் அப்பாகிட்ட, இப்ப என்ன சொல்லணும்னு கேட்டேன்.”

“என்ன சொன்னீங்க?”

“குழந்தை நல்லா இருக்கான்னு கேளுன்னேன்,” என்றார் அவர். “அதை நானே கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையில அதுவும் ஒண்ணு. சிட்டுவைக் கேக்கச் சொன்னேன்... வெக்கம். எப்பவும் இந்த வெக்கம்தான். அன்னிக்கு வகுப்புல சிரிச்சாங்க பாரு, அது இன்னும் காதுல கேக்குது. நீ பக்கத்துல நின்னா எனக்கு அது கேக்காது. அதுக்காகவே உன்னை நிக்க வெச்சேன்.”

நாத்தனாரின் கத்தி நின்றிருந்தது.

“நான்தான்டா தம்பி உன்கிட்ட வந்து சொன்னேன்,” என்றார் அவர். “இந்த ஊர்ல ரெண்டு வருஷமா எனக்கு யார் பேசறதும் புரியலை. கண்ணால பாத்துப் புரிஞ்ச சங்கதி அது ஒண்ணுதான். அதைக் கொண்டுவந்து உன்கிட்டக் கொட்டினேன்.” வெங்காயத்தைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். “நேத்து உன்னையும் என்னென்னமோ சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதே.”

அவள் காலித் தம்ளரை எடுத்துக் கழுவினாள். ஒன்பது வருடம் ஒரு தம்ளர் தண்ணீரில் இறங்கிவிடுகிற விஷயம் இல்லை.

“நான் செஞ்சதும் சரியில்லைங்க,” என்றாள் கடைசியில். “உங்க வாயில உங்களுக்குத் தெரியாம என் வார்த்தையை வெச்சேன். அந்தப் பொண்ணுக்கு நல்லதா முடிஞ்சுது. முடியாமலும் போயிருக்கலாம். அதனால இனிமே நான் அங்க நிக்க மாட்டேன்.”

“நாளைக் கழிச்சு ஞாயித்துக்கிழமை...”

“நீங்கதான் பேசணும். எவ்வளவு வருமோ அவ்வளவு. எழுதிக்கிட்டு வாங்க, உச்சரிப்பு மட்டும் பாக்கறேன். என்ன எழுதறீங்கன்னு கேக்க மாட்டேன்.”

சனிக்கிழமை முழுவதும் கூடத்தில் அகராதியோடு உட்கார்ந்திருந்தார். சிட்டுவிடம் இரண்டு சொற்கள் கேட்டார். மனைவியிடம், தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, மூன்று சொற்கள் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் தனியாக நின்றார். அவள் மூன்றாவது வரிசையில் நாத்தனாருக்கும் சிட்டுவுக்கும் நடுவே உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவர் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

“போன வாரம்,” என்று இந்த ஊர் மொழியில் ஆரம்பித்தார், “இந்த இடத்தில் நான் ஒரு கெட்ட வார்த்தை பேசினேன்.”

அறையே சிரித்தது. ரொட்டிக் கடைக்காரர் சத்தமாகவே சிரித்தார். போதகரின் காது சிவந்தது. திருத்திச் சொல்ல அவளுடைய உதடு தானாகப் பிரிந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

“தப்பு. தப்பான வார்த்தை,” என்றார். “புதிய குழந்தை உள்ள வீடு. அங்கே போகாதீர்கள். நான் அப்படிச் சொன்னேன். என் மனைவி, போங்கள் என்று சொன்னாள்.”

சிரிப்பு அடங்கிப்போனது. தையல்காரம்மாவின் முதுகு விறைத்தது. மகள் குழந்தையை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவார்களோ என்று பின் வரிசையில் இருந்த போதகரின் மனைவி பயந்தாள். போகவில்லை. தையல்காரம்மா போதகரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மேலே சொல்லுங்கள் ஐயா,” என்றாள்.

“அவள் சொன்னது சரி,” என்றார் அவர். “எனக்கு உங்கள் மொழி தெரியாது. உங்களையும் தெரியாது. மன்னியுங்கள்.”

நாத்தனார் அவள் பக்கம் சாய்ந்தார். “என்ன சொல்றான்? ஏன் எல்லாரும் உன்னைத் திரும்பிப் பாக்கறாங்க?”

“நான் சொன்னதுதான் சரின்னு சொல்றார் அண்ணி,” என்றாள் அவள். நாத்தனார் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுபக்கத்திலிருந்து சிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள். அவள் அழுவதை மறைக்கவில்லை.

முன்னால் அவர் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். நேரமானது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.