வலது கையின் ஓசை

ரமீரோ வெளியே போன பிறகும் ஓசை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பாவ்திலியோவின் தலை இரும்பு வளையத்தில் திருகப்பட்டிருந்தது. மண்டைத் துளை வழியே இறங்கிய கம்பி மூளையின் அடியாழத்தில் நிற்க, அங்குள்ள நரம்புச் செல்களின் பேச்சு ஒலிபெருக்கியில் தகரக் கூரை மழைபோல் சடசடத்தது. மருந்து நெடிக்கு அடியில் எலும்பு கருகிய வாடை இன்னும் இருந்தது. வலியில்லை. பயம்கூட மரத்துப்போயிருந்தது.

டாக்டர் செலீனா தலைமாட்டில், பச்சைத் துணிக்கு அப்பால். உதறும் வலது கையைப் பார்த்துக்கொள்வது உதவியாளன் ரமீரோவின் வேலை. சொல்லாமல் மணிக்கட்டை மடக்குவான், நீட்டுவான். எந்த ஆழத்தில் அந்த மழையோசை வலுக்கிறதோ அங்கே கம்பியை நிறுத்துவார்கள். முன்கூட்டிச் சொன்னால் நோயாளி தானே அசைத்துவிடுவான் என்பது செலீனாவின் கணக்கு.

போவதற்கு முன்னால்கூட ரமீரோ சீண்டினான். "மூளைக்குள்ள பூந்து பாத்தாச்சு அண்ணே. உங்க புட்பால் டீம் ஜெயிக்கிற மாதிரி எதுவும் தெரியல."

துணியின் விளிம்பு வழியாக அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனதை பாவ்திலியோ பார்த்தான். செலீனா பார்க்கவில்லை.

மழை வலுத்தது. தணிந்தது. வலுத்தது. யாரோ பொறுமையாக மடக்கி நீட்டுவதுபோல.

"இதான்டா இடம். விடாத," என்றாள் செலீனா. பிறகு அவனிடம், "அண்ணே, ரமீரோ கையைப் பிடிச்சிருக்கிறது தெரியுதா?"

தெரியவில்லை. எதுவுமே தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் கம்பியை உருவிவிடுவார்கள். ரொசாரியோ நகரத் தெருக்களில் இருபது வருடம் பேருந்து ஓட்டியவன். இப்போது மாத்தே தேநீர்க் குவளையைக்கூட மனைவிதான் வாயில் பிடிக்கிறாள்.

"தெரியுது டாக்டர்."

கம்பியை அங்கேயே பொருத்தினாள். மின்சாரம் பாய்ந்தது. கை உதறல் நின்றது.

கதவு திறந்தது. ரமீரோ.

"போன் வந்துச்சுன்னு போனேன். நான் இல்லாமலேயே முடிச்சிட்டீங்களா?"

செலீனா கை நீட்டித் துணியை விலக்கினாள். பாவ்திலியோ கண்களை மட்டும் கீழே இறக்கினான்.

வலது கை அசையாமல் கிடந்தது. மணிக்கட்டுச் சதையில் விரல்கள் அழுத்தியதுபோல் நான்கு குழிகள். வெளுத்து, ஆழமாகிக்கொண்டு. அருகில் யாருமில்லை.

உணர்வில்லை.

அவன் விரல்கள் மெல்ல மடங்கின. காற்றில் எதையோ சுற்றி. பதிலுக்கு அந்தக் குழிகள் இறுகின.