மூன்று சாம்பல் காய்கள்

கைபேசியின் ஒலியை மேலாளர் அணைத்துத்தான் வைத்திருந்தார். ஆனாலும் காய் வைக்கும் 'டொக்' சத்தம் கேட்டது. கைபேசியிலிருந்து அல்ல, கூடத்துக் கூரையிலிருந்து. மேல்வீட்டில் யாரோ எதையோ நகர்த்துகிறார்கள் என்று தமக்குத்தாமே அறிக்கை விட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். மேல்வீடு காலியாகி வெகுநாளாயிற்று என்பது அப்போதைக்கு நினைவுக்கு வரவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு 'மாஸ்டர்' என்று பெயர். 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் எதிரியின் காய்களை வளைத்து மூச்சை அடைப்பதுபோலச் சந்தையையும் வளைக்க வேண்டும் என்று கூட்டம்தோறும் பிரசங்கம் செய்வார். இல்லாத காயொன்றை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, மேஜைமேல் வைத்தும் காட்டுவார். உண்மையில் அவர் ஆடியதெல்லாம் செயலியின் தொடக்க நிலைதான். அதிலும் தோற்கப்போனால் 'திரும்பப் பெறு' பொத்தான் இருக்கவே இருந்தது. வாய் சும்மா இருந்ததா? உச்ச நிலையை இன்றே வெல்கிறேன் என்று அலுவலகக் குழுவில் அறிவித்து, செயலியையும் குழுவோடு இணைத்துவிட்டார். வென்றால் செய்தி தானாகப் போகும். தோற்றாலும் போகும்.

மழைச் சாயங்காலம். ஈரத் துணியின் வாடையும் அடுக்களைக் குழாயின் ஓசையும் மங்கிய விளக்கொளியும் கலந்து கிடந்த கூடத்தில், திரும்பப் பெற்றுத் திரும்பப் பெற்று, அந்தப் பொத்தானே வெளிறிப்போகும்வரை ஆடி, ஒருவழியாக ஆட்டத்தை முடித்தார். திரையில் அவருடைய கறுப்புக் காய்களில் மூன்று சாம்பல் நிறமாயின. 'இவை இறந்தவை. சம்மதமா?' கீழே, சம்மதித்தால் அரைப் புள்ளியில் வெற்றி என்றிருந்தது.

தம் காய் செத்தது என்று ஏற்க மாஸ்டருக்கு மனம் வருமா? தொட்டார், கறுத்தன. விரலை எடுத்தார், சாம்பலாயின. கைபேசியை அணைத்துப் போட்டார். செயலியை அழித்து, மறுபடி இறக்கி, அது கேட்ட அனுமதிகளையெல்லாம் படிக்காமலே வாரி வழங்கினார். அதே பலகை. அதே கேள்வி. வேறு வழியின்றி, இந்த ஆட்டத்தை நிஜமாகவே ஆடத் தெரிந்த மகளைக் கூப்பிட்டார்.

அவள் எட்டிப் பார்த்தாள். "மூணுமே உயிரோடதான்பா இருக்கு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாதான் செத்ததா கணக்கு. முடியாதுன்னு சொல்லுங்க, ஆட்டம் தொடரும்."

"தொடர்ந்தா?"

"நீங்க தோப்பீங்க," என்று சிரித்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

அவள் போகப் போக, திரையில் ஒரு சாம்பல் காய் கட்டம் கட்டமாக நகர்ந்தது. மூலையில் நின்றது. அவளுடைய கதவு சாத்தும் சத்தம்.

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அந்த போனை வச்சுட்டு இங்க வாங்களேன். ஜன்னலைத் திறந்தும் காத்தே வரல. மூச்சு முட்டுது."

இன்னொரு காய் ஜன்னல் பக்கமிருந்து குழாய்ப் பக்கம் நகர்ந்தது. மூன்றாவது நடுவில், அவர் உட்கார்ந்திருந்த சோபா கிடக்கும் இடத்தில், அசையாமல் இருந்தது.

"திரைக் கோளாறு," என்றார், கூட்டத்தில் சொல்லும் அதே குரலில். மறுத்தால் பொத்தான் துணையில்லாமல் ஆட வேண்டும். தோல்விச் செய்தி போகும். நாளை கூட்ட அறையில் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சம்மதம். அழுத்தினார்.

டொக்.

மூலைக் காய் இல்லை. மகளின் அறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு, பாதியில் நின்றது.

டொக்.

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரச் சத்தம் இல்லை. மனைவியைக் கூப்பிட்டார். மகளைக் கூப்பிட்டார். தண்ணீர் ஓடியது.

'திரும்பப் பெறு'. அழுத்தினார். அழுத்தினார். வெளிறியே கிடந்தது.

எழுந்தார். நடுக்காயும் நகர்ந்தது. கதவை நோக்கி ஓடினார். அதுவும்.

கைபேசி அதிர்ந்தது. வாழ்த்துகள் மாஸ்டர். அசத்திட்டீங்க மாஸ்டர். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தரை இருண்டது. அவருடைய இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கதவளவு அகலத்தில் இரண்டு நீண்ட நிழல்கள், நுனியில் நகத்தோடு, மெல்ல ஒன்றையொன்று நெருங்கின.