மேல்தண்டு

பெல்ட் சூடாக இருந்தது.

ஜெயபாலன் கையை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். ஆயுத பூசைக்காக நேற்று மாலையே மோட்டாரை நிறுத்தியாகிவிட்டது. எட்டு லேத்துகளையும் துடைத்து, விபூதி பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டாயிற்று. விடியும்வரை எந்த ஆயுதத்தையும் யாரும் தொடக்கூடாது. தொழிற்பள்ளியில் படித்த சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும்கூட அதை மதித்தார்கள். சுண்டலுக்கு மதம் ஏது? ஆளுக்கொரு பொட்டலத்தோடு ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள். பட்டறையைப் பூட்ட வேண்டியது துணை ஆசிரியர் ஜெயபாலனின் பொறுப்பு.

துணை ஆசிரியர். அந்தப் பட்டம் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. 

கூரைக்கடியில் சுவருக்குச் சுவர் நீண்டு கிடந்தது மேல்தண்டு. ஒரே மோட்டார் அந்த இரும்புத் தண்டைச் சுழற்றும். அதிலிருந்து இறங்கும் தோல் பெல்ட்டுகள் எட்டு லேத்தையும் ஓட்டும். தண்டுக்குக் கிரீஸ் போட ஏறுகிறவன் முதலில் சுவிட்சை அணைத்து, தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதன்மேல் மாட்ட வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். கடவுளே வந்தாலும் தொடக்கூடாது என்பார் வெள்ளைக்கார ஆசிரியர்.

ஏப்ரல் மாதம் ஜெயபாலன் தொட்டான்.

அப்போது அவனும் மாணவன். பரீட்சைக்காக லேத்தில் கடைந்த துண்டு முடிய இன்னும் பத்து நிமிட வேலை பாக்கி. சுவிட்சில் சக மாணவன் தேவதாஸின் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. தேவதாஸ் வேலை முடிந்தபிறகு அதைக் கழற்ற மறப்பவன். வாரம் இரண்டு தடவையாவது வகுப்பே கேலி செய்து அதை அவன் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும். இன்றும் மறந்துவிட்டான் என்றுதான் ஜெயபாலன் நினைத்தான். ஒரு முறை அண்ணாந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வில்லையைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டான், மேலே தண்டருகில் தேவதாஸ் இருந்தான்.

விசாரணையில், சுவிட்சில் வில்லை இல்லை என்று சொன்னான். வில்லை அதற்குள் உஜோங் பாசிர் கடலுக்குள் போயிருந்தது. இறந்தவனின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். பிறகு நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரர் கப்பலேறினார், அந்த இடத்துக்குத் துணை ஆசிரியராக நல்ல பையன் ஒருவன் வேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, ஆனால் அந்தச் சோற்றைத் தினமும் உட்கார்ந்து தின்பவன் ஜெயபாலன்தான்.

வெளியே கஜா பெராங் தார்ச் சடக்கில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டிய இரைச்சலுக்கு அடியிலும், சாமந்தியும் கற்பூரமும் கலந்த வாசனைக்கு அடியிலும், வேறொன்று மெல்ல மெல்ல எழுந்து வருவதை அவன் உணர்ந்தான். புதுக் கிரீஸின் நெடி, டப்பாவை அப்போதுதான் திறந்த மாதிரி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். மூன்றாவது லேத்தின் குங்குமப் பொட்டின்மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று பார்க்காததை இன்று பார்த்தான். அண்ணாந்தான்.

தண்டு சுழன்றுகொண்டிருந்தது. ஆட்டுக்கல் சுற்றும் வேகம்கூட இல்லை, ஆனால் சுழன்றது. சுவிட்சு அணைந்துதான் இருந்தது.

"தம்பி, உள்ள இருக்கியா?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். வாசலில் நனைந்த குடையை மடக்கியபடி தேவதாஸின் தாய் சாரதாம்பாள் நின்றாள். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்குத் துணி துவைப்பவள், வெள்ளைச் சேலை, கையில் ஒரு தூக்குச்சட்டி.

"வாங்கம்மா. மழையில எதுக்கு வந்தீங்க?"

"அவன் சாமான் பெட்டி இங்கதானே கெடக்கு. பூசை போட்டு எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நீ பசியாறுனியா? பொங்கல் கொண்டாந்திருக்கேன்."

பெட்டியை எடுத்துக் கொடுத்தான். அவள் அதைப் பிள்ளையை வாங்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைக்குமேல் தண்டு சுழல்வது அவள் கண்ணில் படவே இல்லை.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. கவனமில்லாத பய, தன் உசுர தானே போக்கிக்கிட்டான்னு தெங்கேராவுல என் தம்பி வீட்டுலயே பேசுறாங்க. படத்துக்குப் பூ வைக்கக்கூட எனக்குக் கை வர மாட்டேங்குது, அவன்மேல அவ்வளவு கோவம். நீ அன்னிக்குப் பக்கத்துல இருந்தே. நெசமாவே எம்புள்ள வில்லைய மாட்டலையா?"

இதோ, சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. வேலை போகும், ஜெயிலுக்குப் போக நேரலாம். ஆனால் இந்த அம்மாள் தன் மகனைத் திரும்ப நேசிக்கலாம். ஜெயபாலன் அதை மனதார விரும்பினான். வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

"மாட்டலைம்மா," என்றான்.

மேலே தண்டு வேகம் பிடித்தது. பெல்ட்டுகள் சலசலத்தன. சாமந்தி மாலைகள் லேசாக ஆடின.

சாரதாம்பாள் தலையை நிமிர்த்தினாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியா? கூப்பிடுறான்."

"யாரும்மா?"

"எம்புள்ளதான். மேல இருக்கான்."

அவனுக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. தண்டின் முனகல் மட்டும்தான் கேட்டது. சுவரோரம் படுக்கவைத்திருந்த ஏணி இப்போது உத்தரத்தில் சாய்ந்து நின்றது. யார் தூக்கி வைத்தார்கள்? அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு முதல் படியில் ஏறினாள்.

"ஏறாதீங்கம்மா! தண்டு ஓடுது!"

"எங்க ஓடுது? நின்னுதானே கெடக்கு. சுவிட்சும் அணைஞ்சிருக்கே."

ஓடிப்போய்ச் சுவிட்சைப் பிடித்தான். அணைந்திருந்தது. இன்னும் அழுத்தினான். அதற்குமேல் அணைக்க அதில் ஒன்றும் இல்லை. ஏணிக்குப் பாய்ந்து அவள் காலைப் பிடிக்க நினைத்தான். கால் நகரவில்லை, அவனுடைய கால்.

நான்காம் படியில் அவள் நின்று திரும்பினாள்.

"அவன் அழுவுறான் தம்பி. மாட்டினேம்மா, மாட்டினேம்மான்னு அழுவுறான். நான் உன்னைத்தான் நம்புறேன். நீ சொல்லு. மாட்டுனானா? ஆமான்னா நான் எறங்கி வீட்டுக்குப் போயி அவன் படத்துக்குப் பூ வைக்கிறேன். இல்லன்னா நான் மேல போயி அவன் கண்ணத் தொடைக்கணும்."

மழை நின்றது.

அவன் வாயைத் திறந்தான். நாக்கின் நுனியில் இருந்தது. நான்தான் கழற்றினேன். இரண்டே சொல். வாசல் பலகையில் அவன் பெயர் புதுப் பெயின்டில் மின்னியது. அவன் பெயர். பதவியோடு சேர்த்து ஊரில் அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதிய பெயர்.

"மாட்டலைம்மா."

"சரிய்யா," என்றாள் சாரதாம்பாள். ஏறினாள்.

ஐந்தாம் படி. ஆறு. ஏழு.

தண்டு அலறியது. அவனுக்கு மட்டும்.

ஈர முந்தானையின் நுனி எழும்பியது. காற்றே இல்லை. தண்டைத் தொட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கண்டில் நூல் ஏறுவதுபோல, வரிசையாக, நிதானமாக.

அவள் கைகள் ஏணியை விட்டன. பாதங்கள் படியை விட்டு எழுந்தன.

அவள் கத்தவில்லை. சுருண்டுகொண்டே போகும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து, தூங்கும் குழந்தையை எழுப்பும் குரலில், "வந்துட்டேன்யா... நீ செஞ்சது தப்புதான்... அழாத..." என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.