காறை எலும்பின் சாட்சி

“இதுல ஒண்ணு பொய், டாக்டரம்மா. எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றின் மேனேஜர் பாலசுப்ரமணியன் இரண்டு எக்ஸ்ரே படங்களை மேசைமேல் வைத்தார். நழுவிய கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோரம் நின்ற ஜலாலுதீனை ஒரு திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

1974-ஆம் வருடம். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் நெஞ்சு நோய்களுக்கென்றே கிளினிக் நடத்திவந்தார் டாக்டர் சாரதாம்பாள். அங்கே எக்ஸ்ரே எடுப்பவர் ஜலாலுதீன். இருட்டறையில் படம் கழுவிக் காயப்போட்ட நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் துப்பறியும் நாவல் படிப்பார். வழக்கு ஒன்று தன்னைத் தேடி வராதா என்று ஏங்கியவருக்கு இன்று வந்தது. ஆனால் சந்தேகப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

விஷயம் இதுதான். ஓட்டலின் வரவேற்பு வேலைக்குக் கண்ணகி என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சேருமுன் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. வேறொரு இடத்தில் எடுத்த படத்தில் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு நிழல். காசநோயாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். கண்ணகி அழுதுகொண்டே இங்கே வந்தாள். மறுவாரம் ஜலாலுதீன் எடுத்த படத்தில் நுரையீரல் பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

“ஒரு வாரத்துல டி.பி. மறையுமா? இவளுக்கு வசந்தான்னு ஒரு தங்கச்சி. அச்சு அசல் இதே முகம். இங்க வந்து நின்னது அவதான். உங்க ஆளுக்குத் தெரியாம நடந்திருக்குமா?” பேசி முடிப்பதற்குள் பாலசுப்ரமணியனுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னா சார் பேசறீங்க?” என்று ஜலாலுதீன் ஓரடி முன்னால் வந்தார்.

வாசல் பக்கம் நின்ற கண்ணகி, “நான்தான் சார் வந்தேன். வசந்தா அன்னிக்கு வூட்ல நெல்லு அவிச்சிகினு இருந்தா” என்றாள்.

சாரதாம்பாள் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

“அந்த இடத்துல வேற யார் படத்தையோ மாத்திக் குடுத்துட்டாங்க டாக்டர். அவ்ளோதான்” என்றார் ஜலாலுதீன் அவசரமாக.

“அதுவும் இல்லை” என்றார் சாரதாம்பாள், படங்களைப் பார்த்தபடியே. “கண்ணகி, சின்ன வயசுல இடது தோள்ல அடிபட்டுதா?”

கண்ணகி தலை குனிந்தாள். “பள்ளிக்கூடத்துல அஞ்சு ரதம் பாக்கக் கூட்டிகினு போனாங்கம்மா. அங்க இருக்கிற கல் யானை மேல ஏறி விழுந்துட்டேன். எலும்பு ஒடைஞ்சு கட்டு போட்டாங்க.”

“வசந்தாவும் விழுந்தாளா?”

“அவ கீழ நின்னு சிரிச்சிகினு இருந்தா.”

சாரதாம்பாளின் பென்சில் இரண்டு படங்களிலும் கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் இடது காறை எலும்பைத் தொட்டது. இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ஒட்டிய எலும்பின் மேடு.

“முகத்தை வெச்சு ஏமாத்தலாம் சார். இதை வெச்சு முடியாது. ரெண்டுமே கண்ணகிதான்.”

“அப்போ நோய் எங்க போச்சு?”

“நல்ல கேள்வி. நுரையீரல்ல வந்த நோயோட நிழல் நுரையீரலுக்குள்ளதான் தெரியணும். இதைப் பாருங்க.” வெள்ளை நிழலின்மேல் பென்சில் ஊர்ந்தது. காறை எலும்பைத் தாண்டி, கழுத்தையும் தொட்டு மேலே போனது. “கயிறு மாதிரி ஏறிப் போகுது. இது நெஞ்சுக்கு உள்ள இல்லை. நெஞ்சு மேல இருந்திருக்கு.”

ஜலாலுதீன் திரும்பிக் கண்ணகியைப் பார்த்தார். மணிக்கட்டுத் தடிமனில் ஒரு பின்னல் அவள் வலது தோள்வழியாக முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஜடை” என்றார் மெதுவாக.

சாரதாம்பாள் சிரித்தார். “அன்னிக்குத் தலை குளிச்சியா?”

“ஆமாம்மா, வெள்ளிக்கிழமை. ஈரத்தோடயே இறுக்கிப் பின்னிகினு போனேன். அங்க படம் எடுத்தவரு ஆம்பள. முடிய ஒதுக்கச் சொல்லக் கூச்சப்பட்டாரோ என்னவோ. இங்க ஆயாம்மாதான் கொண்டை போட்டு வுட்டாங்க.”

“கேக்க நல்லாத்தான் இருக்கு. நிரூபிக்க முடியுமா?” என்றார் பாலசுப்ரமணியன்.

ஆயா ஃபக்ருன்னிசா தன் சவுரி முடியை முனகிக்கொண்டே கொடுத்தாள். அதை நனைத்து, இறுக்கிப் பின்னி, ஃபிலிம் போட்ட படப்பெட்டியின்மேல் வைத்தார் ஜலாலுதீன். குறுக்கே உடம்பு இல்லாததால் கரண்டைக் குறைத்துப் படம் எடுத்தார். இருட்டறையிலிருந்து அவர் கொண்டுவந்த ஈரப் படத்தில் அதே வெள்ளைக் கயிறு, அதே முறுக்கு.

பாலசுப்ரமணியன் கண்ணகி பக்கம் திரும்பினார். “மன்னிச்சிக்கம்மா. நீங்களும் மன்னிக்கணும் பாய்” என்றவருக்கு மறுபடி இருமல் பிடித்துக்கொண்டது.

“நீங்க படம் எடுத்துக்கிட்டீங்களா சார்?” என்று கேட்டார் சாரதாம்பாள்.

“நான் மேனேஜராச்சே.”

“அது நுரையீரலுக்குத் தெரியாதே. வந்ததிலேருந்து இருமறீங்க. பெல்ட்ல ஆணியால குத்தின புது ஓட்டை இருக்கு, அப்படியும் கால்சட்டை நிக்கலை. எத்தனை நாளா உடம்பு இளைக்குது?”

பாலசுப்ரமணியன் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார்.

அவர் படத்தில் இடது நுரையீரலின் மேல்பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு திட்டு. எந்த எல்லையையும் தாண்டாமல் உள்ளேயே அடங்கியிருந்தது. சளிப் பரிசோதனையும் காசநோய் என்றே சொன்னது.

“ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம். ஊசி, மாத்திரையை நடுவுல நிறுத்தாதீங்க, முழுசா குணமாகும். மத்தவங்களுக்குத் தொத்தாதுன்னு ஆனதும் வேலைக்குப் போகலாம்” என்றார் சாரதாம்பாள்.

“ஓனர் விடணுமே. இந்தப் பொண்ண வேணாம்னு நான் சொன்னதும் இதே காரணத்துக்குத்தானே” என்றார் அவர்.

அடுத்த மாதம் ஜலாலுதீன் தன் மனைவி ராபியாவோடு மாமல்லபுரம் போனபோது அந்த ஓட்டலில் நுழைந்தார். வரவேற்பு மேசையில் கண்ணகி இருந்தாள். அவளுக்குப் பின்னால் மேனேஜர் அறை திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

“புது மேனேஜர் போடலியாம்மா?”

“ஓனர் கேட்டாரு பாய். எதுக்குன்னேன். இருக்கிறவரு லீவுல கீறாரு. அதுவரைக்கும் அவரு வேலையையும் சேத்து நான் பாக்கறேன்னு சொல்லிட்டேன்” என்றாள் கண்ணகி. பிறகு ராபியாவைப் பார்த்து, “உக்காருங்கக்கா, நாஸ்தா சொல்றேன்” என்றாள்.