பின்னறை முந்துகிறது

கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்ரோஸ் பேகம் நடைவழியிலேயே நின்றுவிட்டாள். மதியச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஹாலில் இருக்கும் ரிசீவரிலிருந்துதான் ஹாலுக்கும், கணவர் ஜபருல்லா படுத்திருக்கும் பின்னறைக்கும் ஒரே ரேடியோ போகும். செய்தி வாசிக்கிற பெண் ஒரு வரியைப் பின்னறையில் சொல்லி முடித்துவிட்டு, அதே வரியை ஹாலில் அப்புறம்தான் ஆரம்பித்தாள்.

பின்னறை எப்போதும் ஒரு மூச்சு பிந்தித்தான் வரும். டிஜிட்டல் சத்தம் ரிசீவருக்குள் பிரிந்து அடுத்த அறைக்குப் போகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து ஒயர் இழுத்துக் கொடுத்த சாம்சன் அன்றைக்கே சொல்லியிருந்தான். பேண்டேஜ் துணி வியாபாரம் ஓகோ என்று நடந்த வருடம் ஜபருல்லா ஆசைப்பட்டு வாங்கிய சாமான் அது. வீடு முழுக்கப் பாட்டுக் கேட்க வேண்டும் மனிதருக்கு. இப்போது வீடு முழுக்க நடமாட இவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

போன நோன்புக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போயின. அன்றிலிருந்து புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, அள்ளிக் கொட்டுவது எல்லாம் இவள் தலையில். இரவில் அவர் முனகாத நேரம் பார்த்துக் கோழித் தூக்கம் போடுவாள். அதனால் காதுதான் கோளாறு செய்கிறது என்று முதலில் நினைத்தாள். மறுநாளும் அப்படியே இருக்கவும் சாம்சனுக்குப் போன் போட்டாள்.

"முந்தி வர வழியே இல்லக்கா," என்றான் அவன். "நீங்க நல்லா உறங்கி எம்புட்டு நாளாச்சு?"

"அதெல்லாம் ஆச்சுப்பா. நீ ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ."

"ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு வாரேன்க்கா."

அவன் வருவதற்குள் சத்தம் இன்னும் முந்திவிட்டது. ரேடியோவை நிறுத்தியிருந்த ஒரு மத்தியானம், டெட்டாலும் மூத்திரமும் தைலமும் கலந்து நாறும் அந்த அறையில் அவள் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, பீரோவுக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில் குக்கர் விசில் அடித்தது. அடுப்படியில் குக்கர் அப்போது சும்மா இருந்தது. விரிப்பை உதறி விரித்து, அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்த பிறகுதான் அடுப்படியில் அதே விசில் கேட்டது. அதே இழுப்பு, கடைசியில் அதே இருமல்.

அடுத்து அவளுடைய குரலே வந்தது. "அத்தா உறங்குதாக. பொறவு பேசு." தன் குரல் இவ்வளவு கிழடு தட்டிவிட்டதா என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஜபருல்லாவை அத்தா என்று கூப்பிடும் மகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த ஃபாயிஸா. மாமியாருக்குக் காய்ச்சல், இந்த வாரமும் வர முடியாது என்றாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அப்ரோஸ் பேகம் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் வாய் அதையேதான் சொன்னது.

ஜபருல்லா கொஞ்ச நாளாகவே கஞ்சியை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் வந்தால் கண் முதலில் ஸ்பீக்கருக்குப் போகும், பிறகு இவள் கைக்கு வரும். வீம்பு பிடிக்கிறார் என்று திட்டியிருக்கிறாள். திட்டிவிட்டு அழுதும் இருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்த பிறகு, மலைப் பக்கம் மேகம் இறங்கி வீடு இருண்டது. காற்று இல்லை. தெருவில் ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பின்னறையிலிருந்து தன் காலடிச் சத்தம் கேட்டது, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற அவளுடைய நடையேதான். நடைவழிக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"செத்த நேரம் கண்ண மூடுங்க," என்றது ஸ்பீக்கர், அவள் குரலில், பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி. "எல்லாம் சரியாப் போவும்."

துணி உரசும் சத்தம். ஸ்பீக்கருக்குள் கட்டில் கால் தரையில் தடதடவென்று அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி மட்டும்.

அதற்குப் பிறகு ஒரு கொட்டாவி. பாய் விரிக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் குறட்டை. ஆழமான, யாரும் எழுப்பாத, முழுத் தூக்கத்தின் குறட்டை.

அது தன்னுடைய குறட்டை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், அந்தத் தூக்கத்தைக் கேட்கக் கேட்கப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமைதான் அவளை எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயமுறுத்தியது.

ஓடிப் போய் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கினாள். மகளைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கே வாம்மா. ஒத்தையில இருக்கப் பயமா இருக்கு."

"ஒத்தையிலயா? அத்தா இருக்காகல்ல?"

"அதாம்மா பயமே."

"இந்தா, அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வாரேன். அதுவரைக்கும் படுத்துக் கண்ணசருங்கம்மா."

மகள் வரும்வரை அந்த அறைக்குள் போவதில்லை. அவ்வளவுதான் செய்ய வேண்டியது. பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, ஹாலில் போய்க் கையைக் கட்டி உட்கார்ந்தாள். இமை தானாக இறங்கியது. கிள்ளிக்கொண்டாள். மறுபடி இறங்கியது.

டொக்.

கட்டில் கம்பி. இடக்கையால் தட்டுகிறார்.

டொக். டொக். பிறகு முனகல், மூச்சுத் திணறுகிற மாதிரி. பிறகு ஏதோ சரிகிற சத்தம்.

கீழே விழுந்தால் தூக்கிப் படுக்க வைக்க இவளால் முடியாது. பத்துத் தடவை 'யா அல்லாஹ்' என்றாள். எழுந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். தன் நடையைத் தன் காதால் கேட்டாள்.

பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அக்குளில் கை கொடுத்து ஏற்றினாள். கழுத்தை நிமிர்த்தினாள். வாயோரத்தைத் துடைத்தாள். கீழே விழுந்து கிடந்த தலையணையைக் குனிந்து எடுத்தாள். தலைக்கு வைக்கத்தான். வேறு எதற்கும் இல்லை.

ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. ஜபருல்லா இந்தத் தடவை அதைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார்.

வாயை இறுக மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"செத்த நேரம் கண்ண மூடுங்க," என்றாள்.

அவர் மூடினார். இடக்கை மெல்ல எழுந்து வந்தது. அவளைத் தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தாள். தள்ளிவிட வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினாள். அந்தக் கை தலையணையின் நுனியைப் பிடித்தது. பிடித்து, அவர் முகத்தை நோக்கி இழுத்தது.

மறுநுனியை அவள் விடவில்லை.