முருங்கையை விட்டு இறங்கியவை

முருங்கை மரத்தில் ஒரு கம்பளிப்பூச்சிகூட இல்லை.

நேற்று சாயங்காலம் வரை அடிமரம் தெரியாமல் அடை அடையாக அப்பிக் கிடந்தவை அவை. எழிலரசி விளக்குமாறும் கையுமாக மரத்தைச் சுற்றி வந்தாள். கீழே அவள் கொட்டிய உப்பு கலையாமல் கிடந்தது. தோல் பதனிடும் டேனரியில் பச்சைத் தோலை உதறும்போது விழுகிற உப்பு. மயிரும் ரத்தவாடையும் கலந்த அழுக்கு உப்பு. கறையானுக்கும் களைக்கும் ஆம்பூரில் அந்தத் தெருவே அதைத்தான் போடும். எழிலரசி ஒரு மூட்டை வாங்கி வந்து, தோட்டத்தில் ஒரு பிடி மண் வெளியே தெரியாதபடி கொட்டியிருந்தாள். ஒரே ஒரு கிளை மட்டும் வீட்டு ஷீட் கூரைமேல் சாய்ந்திருந்தது.

"மண்ண மூடிட்டியே எழிலு," என்றாள், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு தபஸ்ஸும். "கூடு கட்டுறதுக்கு மண்ணுக்குள்ளதான் எறங்கும் அதுங்க. இப்ப எங்க போவும்?"

"எங்கியோ போய்த் தொலையட்டும்க்கா."

"இன்னிக்கு வாணியம்பாடில நிக்காஹ். மத்தியானம் ஆல்வினப் புரட்டிப் போட நான் இருக்க மாட்டேனே."

எழிலரசி விளக்குமாற்றை மதிலில் சாய்த்தாள். இன்னொரு நாள் லீவு கேட்டால் ஷூ கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். "நாலு மணிக்கு வந்துடுவேன்க்கா. ஒரு நாள்தான," என்றாள்.

அவள் புருஷன் ஆல்வின் டேனரிப் பரணிலிருந்து தலைகுப்புற விழுந்து எட்டு மாதம். கண் மூடியபடி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடக்கிறான். ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். புரட்டும்போதெல்லாம் அவன் உள்ளங்கையில் தன் விரலை வைத்து, "ஒரே ஒரு தரம் புடிங்க," என்று கெஞ்சுவாள். இன்றும் கெஞ்சினாள். விரல்கள் துவண்டே கிடந்தன. கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

நாலு மணிக்கு அவள் திரும்பியபோது மழை இருட்டிக்கொண்டு பெய்தது, கரண்ட் இல்லை, ஷீட்டில் விழும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது, சாக்கைச் சாக்கோடு மெல்லத் தேய்க்கிற மாதிரி ஓயாமல் உள்ளிருந்து வந்தது, பசுமுருங்கை இலையைக் கசக்கிய வாடையும் ஈரக் கம்பளி வாடையும் வாசலிலேயே மூக்கில் ஏறின.

"ஏங்க?"

செல்போன் டார்ச்சைப் போட்டாள். சுவர் வெறுமையாக இருந்தது. அடுப்படியும் அப்படியே. பார்க்கிற மூலையெல்லாம் சுத்தமாக இருந்ததுதான் அவளை நடுங்க வைத்தது. கூரை இடுக்கிலிருந்து கட்டில்வரை ஒரு விரற்கடை அகலத்துக்கு ரோமம் ஒட்டிய ஈரத் தடம் மட்டும் ஓடியது.

கட்டில்மேல் அவள் போர்த்தாத ஒரு பழுப்புப் போர்வை.

அது போர்வை இல்லை.

கூடுகள். நெருக்கி நெருக்கி. கழுத்துவரை. முகத்தின்மேலும்.

டார்ச் எரிய போனைத் தலைமாட்டில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிய்த்தாள். சுணை ஏறி விரலெல்லாம் நெருப்பாய் எரிந்தது. மூக்கு தெரிந்தது. மூச்சு இருந்தது. "கர்த்தரே, கர்த்தரே," என்று அழுதபடி வாய்மேலிருந்ததை உரித்தாள். வாய் திறந்திருந்தது. உள்ளே, நாக்குக்கு மேல், தொண்டைவரை, வரிசையாகக் கூடுகள்.

தபஸ்ஸும் இல்லை. கத்தினாலும் மழையில் யாருக்கும் கேட்காது. ஆட்டோ பிடிக்க வேண்டும். ஓட வேண்டும். திரும்பினாள்.

அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஆல்வின் கைதான். சூடாக. இறுக்கமாக.

"ஏங்க... நான்தாங்க... எழிலு..."

பிடி இன்னும் இறுகியது. அவன் தோலுக்கு அடியில், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, ஏதோ வரிசையாக நெளிந்து இறங்கியது. அவன் நகக்கண்களிலிருந்து ரோமம் எட்டிப் பார்த்தது. ஒன்று வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று. அவள் மணிக்கட்டில் ஏறின.

உதறினால் அந்தப் பிடி விட்டுப் போய்விடும்.

எழிலரசி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கையை இழுக்கவில்லை.